தங்கச் சங்கிலியில் அந்தப் பெட்டி எதைப் பார்க்கிறது? அயனியாகும் அணுவும் அதன் சிறப்பு எக்ஸ் கதிரும்

கேள்வி கேட்டவர் அம்பாசமுத்திரத்துக்காரர். ஆச்சி விட்டுப்போன பழைய சங்கிலி ஒன்றைத் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு கடையில் டச் பார்க்க, அதாவது தங்கத்தின் மாற்று (தூய்மை) எவ்வளவு என்று அறிய, கொடுத்திருக்கிறார். அவர்கள் அதை உரைகல்லில் உரசவில்லை, திராவகமும் விடவில்லை. மூடி போட்ட ஒரு பெட்டிக்குள் வைத்து, அரை நிமிடம் பொறுத்து, தங்கம் 88.4, செம்பு 7.1, வெள்ளி 4.2, துத்தநாகம் 0.3 என்று சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அதே சங்கிலியைக் கொக்கிப் பக்கம் திருப்பி வைத்தபோது தங்கம் 83.9 என்று வந்ததாம். ஒரே நகைக்கு இரண்டு கணக்கு என்றால் எதை நம்புவது, தொடாமலே பெட்டிக்கு எப்படித் தெரிகிறது, கதிர் பட்ட நகையைக் கழுத்தில் போடலாமா என்று கேட்கிறார். உவரிக் கடற்கரை மணலையும் இதே முறையில்தான் சோதிப்பார்கள் என்று அவருடைய அத்தான் சொன்னாராம். அது உண்மையா என்பதும் அவர் கேள்வி.

நகையைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். அந்தப் பெட்டியில் உள்ள எக்ஸ் கதிர், அணுவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான்களோடு மட்டுமே விளையாடுகிறது. அணுக்கருவை மாற்றும் ஆற்றல் அதற்குக் கிடையாது. ஆகையால் நகையில் கதிரியக்கம் எதுவும் உண்டாவதில்லை, கதிரைத் தரும் குழாய்க்குப் போகும் மின்சாரம் நின்ற கணமே எல்லாம் நின்றுவிடும். நம்பகத்தைப் பொறுத்தவரை, இன்னின்ன தனிமங்கள் இருக்கின்றன என்று கருவி சொல்வதை ஏறக்குறைய முழுமையாக நம்பலாம். இவ்வளவு இருக்கிறது என்று சொல்வது வேறு வகை. அது ஒரு கணக்கு, சில அனுமானங்களின் மேல் நிற்கும் கணக்கு. உங்களுக்குக் கிடைத்த இரண்டு எண்ணும் பொய்யல்ல. ஆனால் இரண்டில் எதுவும் அந்தச் சங்கிலி முழுவதற்குமான மாற்றும் அல்ல. இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள அணுவின் உட்புறத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு சிறிய எக்ஸ் கதிர்க் குழாய் இருக்கிறது. பொதுவாக 40 அல்லது 50 கிலோ வோல்ட்டில் அது இயங்கும். அதிலிருந்து புறப்படும் கதிர் சங்கிலியின் மேல் ஒரு சிறு புள்ளியில் விழும்போது, அங்குள்ள அணுக்களின் உள்கூட்டு எலக்ட்ரான்களில் சில பிடுங்கி எறியப்படுகின்றன. நாம் அயனி என்றதும் உப்புக் கரைசலில் வெளிக்கூட்டு எலக்ட்ரானை இழந்த சோடியத்தைத்தான் நினைப்போம். இங்கே நடப்பது அதற்கு நேர்மாறான இழப்பு. வெளியில் இருப்பவை இருந்தபடியே இருக்க, அணுக்கருவுக்கு மிக அருகில், மிக இறுக்கமாகக் கட்டுண்டிருக்கும் எலக்ட்ரான் போய்விடுகிறது. அப்படிப்பட்ட அயனி நிலைத்திருக்க முடியாது. கண்ணிமைக்கும் நேரத்தோடு ஒப்பிடவே முடியாத சிறு பொழுதுக்குள் மேல்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் இறங்கி அந்தக் காலியிடத்தை நிரப்புகிறது. இறங்கும்போது மிஞ்சும் ஆற்றல் ஒரு எக்ஸ் கதிர்த் துகளாக, அதாவது ஒரு ஃபோட்டானாக வெளியே வரலாம். அதுதான் அந்தத் தனிமத்தின் சிறப்பு எக்ஸ் கதிர். அதை அளந்து தனிமத்தை அறியும் இந்த வழிக்கு எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை என்று பெயர்.

எண்ணோடு பார்த்தால் இது தெளிவாகும். இனி எண்ணை மட்டும் சொல்லும் இடங்களில் அலகு ஆற்றலை அளக்கும் கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட், என்று கொள்ளுங்கள். செம்பு அணுவின் ஆக உள்ளே இருக்கும் கே கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 8.98 தேவை. அடுத்துள்ள எல் கூட்டிலிருந்து பிடுங்க 0.93 போதும். எல் கூட்டில் இருப்பது கே கூட்டுக் காலியிடத்துக்கு இறங்கினால் மிஞ்சுவது 8.05. இதுவே செம்பின் கே ஆல்ஃபா வரி, அதாவது நிறமாலையில் அந்த ஆற்றலில் தெரியும் கோடு. அதற்கும் மேலே உள்ள எம் கூட்டிலிருந்து இறங்கினால் 8.90 கிடைக்கும், இது கே பீட்டா, ஆல்ஃபாவைப் போல ஏழில் ஒரு பங்கு வலுவுடன் வரும். உலகத்தில் எந்தச் செம்பை எடுத்தாலும் இந்த இரண்டு எண்களும் இதே விகிதத்தை ஒட்டித்தான் நிற்கும். அது குத்துவிளக்கில் இருந்தாலும் சரி, மின்கம்பியில் இருந்தாலும் சரி, உங்கள் சங்கிலியில் கலந்திருந்தாலும் சரி.

தங்கத்துக்கு வந்தால் கணக்கு ஒரு கூடு தள்ளிப் போகிறது. தங்கத்தின் கே கூட்டு எலக்ட்ரானைப் பிடுங்க 80.7 வேண்டும். 50 கிலோ வோல்ட் குழாயிலிருந்து 50க்கு மேற்பட்ட ஆற்றலுள்ள ஃபோட்டான் ஒன்றுகூட வராது என்பதால், கடையில் உள்ள கருவி தங்கத்தின் கே கூட்டைத் தொடவே முடியாது. எல் கூட்டில்தான் அது கைவைக்கிறது. அங்கே 11.92 கொடுத்தால் ஓர் எலக்ட்ரான் வெளியேறும், 2.21இல் கட்டுண்ட எம் கூட்டு எலக்ட்ரான் ஒன்று அந்த இடத்துக்கு இறங்கும்; 9.71இல் எல் ஆல்ஃபா வரி பிறக்கும். கூடவே 11.44இல் எல் பீட்டாவும் வரும். தங்கம் இருக்கிறது என்று கருவி அறிவது இந்த இரட்டை வரிகளைக் கொண்டுதான்.

உரைகல்லில் பார்ப்பவர் நிறத்தைப் பார்க்கிறார். தங்கத்தின் நிறம் வெளிக்கூட்டு எலக்ட்ரான்களின் காரியம். செம்பு சேர்ந்தால் சிவக்கும், வெள்ளி சேர்ந்தால் வெளுக்கும், இரண்டையும் அளந்து சேர்த்தால் பார்ப்பவர் கண்ணை ஏமாற்றவும் முடியும். வேதிப் பிணைப்பு, உலோகக் கலவை, நிறம், பளபளப்பு எல்லாமே வெளிக்கூட்டோடு முடிந்துவிடுகின்றன. உள்கூட்டுக்கு அந்தச் சங்கதி எதுவும் எட்டுவதில்லை. அங்கே ஆற்றலை முடிவு செய்வது பெரும்பாலும் அணுக்கருவில் எத்தனை புரோட்டான்கள் இருக்கின்றன என்பது ஒன்றே. ஆகவேதான் அந்த வரி தனிமத்தின் கையெழுத்தாக அமைகிறது, கள்ளக் கையெழுத்து போட வழியில்லாத கையெழுத்தாக.

இதை முதலில் சீராக அளந்து காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேய இளைஞர். 1913, 1914 ஆண்டுகளில் தனிமம் தனிமமாக எடுத்து அவற்றின் கே வரிகளை அளந்தபோது, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணு எண்ணோடு நேர்கோட்டில் ஏறுவதைக் கண்டார். தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். அணு எண்ணில் ஒன்றைக் கழித்து, வர்க்கப்படுத்தி, 10.2 எலக்ட்ரான் வோல்ட்டால் பெருக்குங்கள். இரும்பின் அணு எண் 26. 25ஐ வர்க்கப்படுத்தினால் 625. பெருக்கினால் 6,375 எலக்ட்ரான் வோல்ட். உண்மையான மதிப்பு ஏறத்தாழ 6,400. செம்புக்கு 7,997 வரும், உண்மை 8,050 அளவில். அந்த 10.2 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ஹைட்ரஜனில் இரண்டாம் மட்டத்திலிருந்து முதல் மட்டத்துக்கு எலக்ட்ரான் இறங்கும் ஆற்றலேதான் அது. ஒன்றைக் கழிப்பது, கே கூட்டில் மிஞ்சி நிற்கும் மற்றோர் எலக்ட்ரான் அணுக்கருவின் மின்னூட்டத்தைச் சற்று மறைப்பதற்காக. வெள்ளி போன்ற கனமான தனிமங்களில் இந்தச் சூத்திரம் கொஞ்சம் குறைத்துச் சொல்லும். அங்கே உள் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு ஏறிவிடுவதால் சார்பியல் திருத்தம் தேவைப்படுகிறது.

அணு எடைப்படி வரிசைப்படுத்தினால் நிக்கலுக்குப் பின்னால் போக வேண்டிய கோபால்ட், உண்மையில் 27ஆம் இடத்திலும் நிக்கல் 28ஆம் இடத்திலும் இருக்கின்றன என்பதை மோஸ்லியின் கோடு ஐயமின்றிக் காட்டியது. அதே கோட்டில் 43, 61, 72, 75 ஆகிய இடங்கள் வெறுமையாக நின்றன. அவற்றில் 72ஆம் தனிமமான ஹாஃப்னியத்தை 1923இல் கோபன்ஹேகனில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கோனியத் தாதுவில் எக்ஸ் கதிர் வரியைக் கொண்டே கண்டுபிடித்தார்கள். அந்தத் தாதுவான சிர்க்கான் நம் கடற்கரை மணலிலும் கிடப்பதால் பின்னால் அதற்குத் திரும்பி வருகிறேன். மோஸ்லி அதைப் பார்க்க இருக்கவில்லை. 1915 ஆகஸ்டில் கலிப்பொலிப் போர்முனையில் குண்டடிபட்டு இறந்தபோது அவருக்கு 27 வயது. அறிவியலுக்கு அந்தப் போர் செய்த கேடுகளில் இதுவே ஆகப் பெரியது என்பது என் எண்ணம்.

காலியிடம் உண்டாகும்போதெல்லாம் எக்ஸ் கதிர் வந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இறங்கும் எலக்ட்ரானின் மிச்ச ஆற்றலை அணு இன்னொரு வழியிலும் கழிக்கும். தன்னுடைய வேறோர் எலக்ட்ரானை வெளியே உதைத்துத் தள்ளிவிடும். 1922இல் லிசே மைட்னரும் அடுத்த ஆண்டில் பியர் ஓஷேயும் தனித்தனியே கண்ட விளைவு இது. பெயர் மட்டும் ஓஷேயின் பெயராக நின்றுவிட்டது. இந்த இரண்டு வழிகளுக்கும் இடையே அணு எண்ணைப் பொறுத்துப் பங்கு மாறுகிறது. கே கூட்டில் நூறு காலியிடங்கள் விழுந்தால் வெள்ளியில் எண்பதுக்கும் மேல் எக்ஸ் கதிராகும், செம்பில் நாற்பத்து நான்கை ஒட்டி, இரும்பில் மூன்றில் ஒரு பங்கு, அலுமினியத்தில் நான்கு, கரியில் ஒன்றுகூடத் தேறாது. இலேசான தனிமங்களைப் பார்ப்பதில் இந்த முறை திணறுவதற்கு முதற்காரணம் இதுதான். இரண்டாவது, அவற்றின் வரிகளுக்கு ஆற்றலும் குறைவு. அலுமினியம் 1.49, சோடியம் 1.04, கரி 0.28. இவை வெளிவந்தாலும் இரண்டு விரற்கடைக் காற்றைத் தாண்டுவதற்குள் பெரும்பகுதி உறிஞ்சப்பட்டுவிடும். அதனால்தான் ஆய்வகக் கருவிகளில் காற்றை வெளியேற்றுகிறார்கள் அல்லது ஹீலியத்தை நிரப்புகிறார்கள். கடையில் உள்ள பெட்டியில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. ஹைட்ரஜனுக்கோ இருப்பதே ஓர் எலக்ட்ரான், அது போய்விட்டால் இறங்கி நிரப்ப வேறொன்று இல்லை. அதை எந்தப் பெட்டியாலும் இந்த வழியில் பார்க்க முடியாது.

வெளிவந்த ஃபோட்டானை அளப்பது ஒரு சிலிக்கான் துண்டு. சிலிக்கானுக்குள் ஒரு எக்ஸ் கதிர்த் துகள் நுழைந்து நின்றுபோனால், ஏறத்தாழ 3.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு இணை என்ற கணக்கில் எலக்ட்ரான்களும் துளைகளும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்களும்) பிறக்கின்றன. செம்பின் கே ஆல்ஃபா என்றால் சுமார் 2,200 இணைகள். தங்கத்தின் எல் ஆல்ஃபா என்றால் சுமார் 2,700. அந்த மின்னூட்டத் துடிப்பின் உயரத்தை அளந்து, உரிய கட்டத்தில் ஒன்றைக் கூட்டி, அடுத்த துகளுக்குக் காத்திருப்பதே கருவியின் வேலை. நொடிக்கு ஆயிரக்கணக்கில் இது நடக்கிறது. இணைகளின் எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் சற்று ஏறி இறங்குவதால், கோடாக இருக்க வேண்டிய வரி திரையில் ஒரு குன்றாக விரிகிறது. நல்ல சிலிக்கான் உணரியில், மாங்கனீசின் 5.9 வரியில், அந்த அகலம் 130 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும். பழைய உணரிகளைத் திரவ நைட்ரஜனில் குளிரவைக்க வேண்டியிருந்தது. இப்போதுள்ளவை ஒரு மின்குளிர்ப்பானோடு மேசையில் அடங்கிவிடுகின்றன. மலிவான சில பெட்டிகளில் சிலிக்கானுக்குப் பதில் வாயு நிரப்பிய எண்ணிக் குழாய் இருக்கும். அதில் குன்றின் அகலம் பல நூறு எலக்ட்ரான் வோல்ட். செம்பையும் துத்தநாகத்தையும் பிரித்துப் பார்ப்பதே அதற்குப் பெரும்பாடு.

உங்கள் சங்கிலியின் நிறமாலைத் திரை எப்படி இருந்திருக்கும் என்று சொல்கிறேன்; அடுத்த முறை கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானோர் காட்டுவார்கள். இடது ஓரத்தில், 3க்குச் சற்று முன்னே, ஒரு சிறு மேடு தெரியும். அது வெள்ளியின் எல் வரி என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. காற்றில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு ஆர்கான் இருக்கிறது. அதன் கே வரி 2.96, வெள்ளியின் எல் ஆல்ஃபா 2.98. அதனால் வெள்ளியை வலது கோடியில், 22.16இல் நிற்கும் அதன் கே ஆல்ஃபாவைக் கொண்டு அளப்பதே முறை. நடுவில் 8.05இல் செம்பு, 8.64இல் துத்தநாகம், 8.90இல் செம்பின் பீட்டா, 9.57இல் துத்தநாகத்தின் பீட்டா, 9.71இல் மற்ற எல்லாவற்றையும் குள்ளமாக்கிக்கொண்டு தங்கம். இந்தச் சிறிய இடத்துக்குள் பிளாட்டினம் வந்தால் 9.44இல் நிற்க வேண்டும். எடை கூட்டுவதற்காகச் சிலர் கலக்கும் இரிடியம் 9.18இல். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் ஒருவர் தோளுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்பதைப் போல, பெரிய குன்றின் சரிவில் சிறிய குன்று மறைந்து நிற்கும். இரண்டாவது வரி எங்கே வர வேண்டும், அது எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பொருத்திப் பார்த்துத்தான் அதைப் பிரிக்க முடியும்.

கேடிஎம் நகை என்று ஒரு காலத்தில் விளம்பரம் செய்தார்களே, அதில் பற்றவைக்கும் பொடியில் காட்மியம் இருந்தது. காட்மியத்தின் கே ஆல்ஃபா 23.17, வெள்ளிக்கு அடுத்து அரை விரல் தள்ளித் தனியாக நிற்கும் என்பதால் தப்பவே முடியாது. உருக்கும்போது எழும் காட்மியப் புகை ஆசாரியின் நுரையீரலைக் கெடுப்பது என்பதால் அந்தப் பழக்கம் ஒழிந்தது நல்லதே. உங்கள் சீட்டில் காட்மியம் இல்லை.

இனி அளவுக்கு வருவோம். குன்றின் பரப்பு அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டும்; ஆனால் நேர் விகிதத்தில் அல்ல. தங்கத்தின் 9.71 வரியும் 11.44 வரியும் வெளியே வரும் வழியில் பக்கத்திலுள்ள செம்பு அணுவில் மோதினால், 8.98க்கு மேல் ஆற்றல் இருப்பதால் செம்பின் கே கூட்டையும் உடைக்கின்றன. செம்பு தனக்கு நேரடியாகக் கிடைத்த கதிரினால் ஒளிர்வது போக, தங்கம் தந்த கதிரினாலும் ஒளிர்கிறது. திருத்தம் செய்யாவிட்டால் செம்பு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். வெள்ளியின் வரி தங்கத்துக்கு அதே உபகாரத்தைச் செய்கிறது. துருப்பிடிக்கா எஃகில் நிக்கல் இரும்பைத் தூண்டும், இரும்பு குரோமியத்தைத் தூண்டும். எந்தத் தனிமம் எதை உறிஞ்சும், எதைத் தூண்டும் என்ற இந்தப் பின்னலைக் கணினி அவிழ்த்துக் கணக்கிட வேண்டும். சரியாக அவிழ்க்கிறதா என்பதை, மாற்று உறுதிசெய்யப்பட்ட தங்கத் துண்டுகளைக் கொண்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். கடையில் உள்ள துண்டு 916க்கு அருகில் மட்டும் இருந்து, உங்கள் சங்கிலி எண்பத்து மூன்றில் நின்றால், அந்த வேறுபாட்டில் பிழை கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஆழம். தங்கத்துக்குள் பிறந்த 9.71 வரி நாலைந்து மைக்ரான் தூரம் வருவதற்குள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பதினைந்து மைக்ரானுக்குக் கீழே என்ன இருந்தாலும் கருவிக்கு அது ஏறக்குறைய இல்லாததற்குச் சமம். தலைமுடியின் பருமனே இதைப்போலப் பல மடங்கு. சாதாரணக் கவரிங் நகையின் முலாம் ஒரு மைக்ரானை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருப்பதால், அடியிலுள்ள செம்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும். முலாம் கனமாக ஏறினால் கருவி மோசம் போகும். எடையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்பார்கள். டங்ஸ்டனின் அடர்த்தி 19.3 என்பதும் தங்கத்தின் அடர்த்தியும் அதுவே என்பதும் நினைவில் இருக்கட்டும்.

உங்கள் சங்கிலியில் அவ்வளவு சூழ்ச்சி ஒன்றும் இராது. பழைய நகை என்பதால் இரண்டு சாதாரணக் காரணங்களே போதும். ஆசாரி நகையை முடித்த பிறகு காய்ச்சித் திராவகத்தில் போட்டு நிறம் எடுப்பார். அப்போது மேற்பரப்பிலுள்ள செம்பு ஆக்சைடாகிக் கரைந்து போய், சில மைக்ரான் கனத்துக்குத் தங்கம் செறிந்த ஒரு தோல் மிஞ்சும். கருவி பார்ப்பதோ அந்தத் தோலைத்தான். ஆகவே 88.4 என்பது உள்ளிருப்பதைவிடச் சற்று உயர்த்திச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். கொக்கியின் பக்கம் வளையங்கள் நெருக்கமாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும். அந்தப் பொடி சங்கிலியைவிடக் குறைந்த வெப்பத்தில் உருக வேண்டும் என்பதற்காக அதில் வெள்ளி, செம்பு, துத்தநாகம் எல்லாம் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள். கதிர்ப் புள்ளி ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் வளையமும் பொடியும் சேர்ந்தே அதற்குள் விழும், 83.9 அதனால் வந்தது. இரண்டாவது சீட்டையும் வாங்கிப் பாருங்கள், துத்தநாகம் 0.3ஐவிட ஏறியிருந்தால் நான் சொல்வது சரி.

வளைந்த பரப்பு, கதிர்ப்புள்ளிக்குள் அகப்படும் இடைவெளி, அழுக்கு, வியர்வை உப்பு இவையெல்லாம் சில்லறைப் பிழைகள். சில்லறை அல்லாத ஒன்று, கூட்டுத்தொகை. பெரும்பாலான பெட்டிகள் தாம் கண்ட தனிமங்களின் மொத்தத்தை 100 என்று கட்டாயப்படுத்திவிடும். உள்ளே அரக்கு நிரப்பிய குழல் வளையலை வைத்தால், அரக்கு என்பது கரியும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்பதால் அது கணக்கிலேயே வராது. தகடு மட்டும் 91.6 என்று அழகாகச் சீட்டு வரும். சீட்டு சொல்வது மாற்றை. எடையில் எவ்வளவு தங்கம் என்று அது சொல்லவில்லை. நேரமும் முக்கியம். பத்தாயிரம் துகள்களை எண்ணினால் ஒரு சதவீதத் தடுமாற்றம் இயல்பாகவே இருக்கும், பத்து இலட்சம் எண்ணினால் அது பத்தில் ஒன்றாகும். பத்து நொடியில் எடுத்த எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கத்தை வைத்து யாரோடும் சண்டைக்குப் போக வேண்டாம்.

அத்தான் சொன்னது உண்மை. உவரி, கூட்டப்பனை, நவ்வலடிப் பக்கத்துக் கடற்கரையில் கறுப்பும் சிவப்புமாகப் படிந்து கிடக்கும் மணலில் கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட். கூடவே சிர்க்கான், ரூட்டைல், கொஞ்சம் மோனசைட். அதை அப்படியே அள்ளி வைத்து அளந்தால் எண்ணுக்குப் பொருள் இராது. மேலே எந்தத் தாதுவின் மணி கிடக்கிறதோ அதைத்தான் கதிர் பார்க்கும். மாவாக அரைத்து, வில்லையாக அழுத்தி, அல்லது கண்ணாடி போல உருக்கி வார்த்து அளக்க வேண்டும். அப்போதும் ஒரு சிக்கல் உண்டு. எனக்கு இந்த முறையில் ஆகப் பிடித்த சிக்கல் என்றே சொல்வேன். இல்மனைட்டின் டைட்டானியம் 4.51இல் ஆல்ஃபாவையும் 4.93இல் பீட்டாவையும் நிறுத்தி வைத்திருக்கிறது. மோனசைட்டில் உள்ள லாந்தனத்தின் எல் வரி 4.65, சீரியத்தின் எல் வரி 4.84. இரண்டும் டைட்டானியத்தின் இரண்டு குன்றுகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் போய் விழுகின்றன. டைட்டானியமோ மலை போல, இவையோ துளி. அந்தப் பள்ளத்தை முறைத்துக்கொண்டிருப்பதைவிட, மோனசைட்டில் இருக்கும் தோரியத்தை 12.97இல் தேடுவது புத்திசாலித்தனம். அந்தப் பக்கம் கூட்டம் குறைவு. சிர்க்கானுக்கு 15.77இல் சிர்க்கோனியம் துல்லியமாக நிற்கும். அதோடு 7.90இல் ஹாஃப்னியமும் சிறிதாக எட்டிப் பார்க்கும். 1923 வரை ஒருவர் கண்ணிலும் படாமல் சிர்க்கோனியத்தோடு ஒட்டிக்கொண்டு திரிந்த அதே தனிமம்.

குன்றுகள் இப்படி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிரிப்பதற்கு வேறொரு வழியும் இருக்கிறது. ஃபோட்டானின் ஆற்றலைச் சிலிக்கானில் அளக்காமல், லித்தியம் ஃபுளோரைடு போன்ற ஒரு படிகத்தில் மோதவிட்டு அது விலகும் கோணத்தை அளப்பது. பிராக் விதிப்படி ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு கோணம். பத்து எலக்ட்ரான் வோல்ட் வேறுபாட்டைக்கூட அது பிரித்துக் காட்டும். ஒவ்வொரு வரியாகத் தேடிப் போக வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும், கருவியும் விலை கூடியது. ஈயத்தின் எல் ஆல்ஃபா 10.55, ஆர்செனிக்கின் கே ஆல்ஃபா 10.54 என்று இருக்கும் இடத்தில் அதுவும் கைவிரித்துவிடும். இரண்டாவது வரியைத் தேடுவதே ஒரே வழி.

மணலைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மண் சிவந்திருப்பது மணிகளின் மேல் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிந்திருப்பதால். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறை அங்கே இரும்பு இவ்வளவு என்று சொல்லும். அது ஹெமடைட்டா, மேக்னடைட்டா, இல்மனைட்டுக்குள் இருக்கும் இரும்பா என்று சொல்லாது. உள்கூட்டுக்கு வெளிக்கூட்டின் சங்கதி எட்டுவதில்லை என்று முன்பு பெருமையாகச் சொன்னேன். அதற்கு நாம் கொடுக்கும் விலை இது. சேர்மம் எது என்று தெரிய வேண்டுமானால் எக்ஸ் கதிர் விளிம்பு விலகல் போன்ற வேறு முறைக்குப் போக வேண்டும்.

உள்கூட்டில் காலியிடம் உண்டாக்க எக்ஸ் கதிர்தான் வேண்டும் என்பதில்லை. வேகமான எலக்ட்ரான் கற்றையாலும் முடியும். எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த பகுப்பாய்வு அவ்வகை. ரேமோன் கஸ்தேங் என்ற பிரெஞ்சுக்காரர் 1951இல் தம் ஆய்வேட்டில் இதற்கு அடித்தளம் இட்டார். ஒரு மைக்ரான் அளவுள்ள இடத்தைத் தனியாகப் பார்க்க முடியும் என்பது இதன் பலம். எலக்ட்ரான்கள் தடைபடும்போது எழும் தொடர் கதிர் பின்னணியில் புகைபோலப் பரவிக் கிடப்பதால், ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழ் உள்ளதைக் காண்பது கடினம் என்பது பலவீனம். ஆதிச்சநல்லூரில் கிடைத்தது போன்ற தகரம் மிகுந்த பழைய வெண்கலத்துக்கு இந்த நுண்ணிய பார்வை மிக அவசியம். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பில் செம்பு அரித்துப்போய்த் தகரம் செறிந்திருக்கும். மேலோடு அளந்துவிட்டு வார்த்தவர் இவ்வளவு தகரம் சேர்த்தார் என்று எழுதினால் அது வார்த்தவர் கணக்கல்ல, மண்ணின் கணக்கு. சங்கிலியின் தோலில் நடப்பதற்கு இது உடன்பிறப்பு.

மின்சாரக் குழாயே இல்லாமலும் செய்யலாம். 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் உலவியில் இருந்த ஆல்ஃபா துகள் எக்ஸ் கதிர் அளவி, கியூரியம்-244 என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் ஆல்ஃபா துகளையும் எக்ஸ் கதிரையும் மண்ணின்மேல் பாய்ச்சி, திரும்பி வரும் சிறப்பு வரிகளை எண்ணியது.

சங்கிலிக்குத் திரும்புகிறேன். விற்பது அல்லது மாற்றுவது என்று முடிவு செய்திருந்தால், கொக்கியையும் பற்றவைத்த இடங்களையும் விட்டு, வளையங்களில் மூன்று நான்கு இடங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாவது வைத்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரத்தில் இலேசாக அரம் போட்டு, தோலை நீக்கிய இடத்தில் மறுபடி ஒருமுறை. அந்த எண் முதல் எண்ணைவிட ஒன்றிரண்டு குறைந்தால் அதுவே உட்பொன்னுக்கு நெருக்கமானது. கடைக்காரர் உருக்கித்தான் பார்ப்பேன் என்றால் அது அநியாயம் இல்லை. ஆனால் உருக்கும்போது பொடியும் கலந்து சராசரி சற்று இறங்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். உருக்குவதற்கு முன்னும் பின்னும் எடையை உங்கள் கண்முன் போடச் சொல்வது உங்கள் உரிமை.

அதற்கு மேலும் இருவருக்கும் ஒத்துவராவிட்டால், ஹால்மார்க் மையங்களில் கடைசித் தீர்ப்பாகக் கொள்ளப்படும் நெருப்புச் சோதனை இருக்கிறது. அங்கும் எக்ஸ் கதிர்ப் பெட்டி உண்டு. நகை முழுதும் ஒரே சீராக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறார்கள். பின்பு ஒரு கிராமில் ஒரு சிறு பங்கை வெட்டி எடுத்து, வெள்ளியோடு சேர்த்து ஈயத் தகட்டில் பொதிந்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடான உலையில் நுண்துளைக் கிண்ணத்தில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் மற்ற கீழ் உலோகங்களும் ஆக்சைடாகிக் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சும் மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் திராவகத்தில் இட்டால் வெள்ளி கரைந்து போகும். எஞ்சுவதைத் தராசில் வைப்பார்கள். அங்கே குன்றும் இல்லை, ஒன்று மற்றொன்றைத் தூண்டும் சிக்கலும் இல்லை. எடுத்த எடைக்கு நின்ற எடை. வெட்டிக் கொடுத்த அந்தத் துணுக்கு மறுபடி நகையில் சேராது, அவ்வளவுதான்.